புதுப் பெட்டியில் சிவப்பு வட்டம் எங்கே போனது?

2025 ஜனவரி 11, சனி (கேள்வி)

செங்கலடியில் இருந்து எழுதுகிறேன். டிஷ்ஷைக் கழற்றிவிட்டு ஃபைபர் லைனில் ஓடும் புதுப் பெட்டி தந்திருக்கிறார்கள். படம் நல்ல தெளிவு, மழைக்கும் நிற்பதில்லை. ஆனால் பழைய ரிமோட்டில் இருந்த சிவப்பு வட்டம், அந்த ரெக்கோட் பட்டன், இதில் இல்லை. பென் டிரைவைச் செருகினால் பாட்டும் போட்டோவும் காட்டுகிறது, ரெக்கோட் பண்ணுவதற்கு வழியைக் காணோம். எனக்கு இரவு வேலை. மனைவி எனக்காக நாடகத்தை ரெக்கோட் பண்ணி வைப்பார், காலையில் வந்து சாப்பிட்டுக்கொண்டே பார்ப்பேன். இதை செட்டிங்கில் எங்காவது ஒளித்து வைத்திருக்கிறார்களா, அல்லது தூக்கியேவிட்டார்களா?

2025 ஜனவரி 11, இரவு (பதில்)

தூக்கியேவிட்டார்கள். தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

நான் பதினாறு வருடம் டிஷ் பூட்டியவன். கல்லடியில் இருந்து களுவாஞ்சிகுடி வரை எத்தனை கூரையில் ஏறியிருப்பேன் என்று கணக்கில்லை. ரெக்கோட் வசதிதான் வேண்டும் என்று கேட்டு வாங்கியவர்களில் பாதிப்பேர் ஒரு மாதத்துக்கு மேல் அதைத் தொடவில்லை. பென் நிறைந்துவிடும், அழிக்கத் தெரியாது, அப்படியே விட்டுவிடுவார்கள்.

புதுப் பெட்டியில் ஏழு நாள் பின்னுக்குப் போய்ப் பார்க்கலாம். நாடகம் என்றால் விடியும் முன்பே யூடியூப்பில் கிடக்கும். சிவப்பு வட்டத்துக்கு அழ வேண்டியதில்லை.

2025 ஜனவரி 12

கல்முனையில் இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: பழைய பெட்டியால் முடிந்தது புதுப் பெட்டியால் ஏன் முடியாது, புதுசு கெட்டிக்காரப் பெட்டிதானே?

டிஷ்ஷில் எல்லாச் சானலும் நீங்கள் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் கூரையில் வந்து விழுந்துகொண்டே இருக்கும். பீலிக்குக் கீழே கிடாரத்தை வைத்து மழைத் தண்ணீர் பிடிப்பது போல. பெட்டிக்குள் இருக்கிற டியூனர் ஒரு சானலைப் பிரித்து எடுக்கும், வந்ததை வந்தபடியே பென்னிலோ ஹாட்டிஸ்க்கிலோ எழுதும். ஒன்றைப் பார்த்துக்கொண்டு இன்னொன்றைப் பதிய வேண்டும் என்றால் இரண்டு டியூனர் வேண்டும். அதனால்தான் அந்தப் பெட்டிகளுக்கு இரண்டு வயர் இழுத்தோம்.

இணையப் பெட்டி கேட்டு வாங்கும் பெட்டி. நீங்கள் சானலை அமத்தியதும் கம்பனியின் சேர்வரிடம் கேட்கும், அது சில விநாடித் துண்டுகளாக அனுப்பும், பார்த்த துண்டு அழிந்துவிடும். அதை எழுதி வைக்கவே முடியாது என்றில்லை. எழுத விடுவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறார்கள், அதற்காக ஹாட்டிஸ்க்கையும் வைக்கவில்லை. ஹாட்டிஸ்க் ஒரு பெட்டியில் விலை கூடிய சாமான், பழுதாவதிலும் அதுதான் முன்னுக்கு நிற்கும். பழுதானால் என்னைப் போல ஒருவன் மோட்டார் சைக்கிளில் போய் மாற்ற வேண்டும். அவனுக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும்.

செலவுக் கணக்கையும் பாருங்கள். விநாடிக்கு 8 மெகாபிட் ஓடும் எச்டி சானல் ஒரு மணி நேரத்துக்கு 3.6 ஜிபி. பென்னில் இருந்தால் பத்துத் தரம் பார்த்தாலும் அதே 3.6 ஜிபிதான். இணையத்தில் பத்துத் தரம் பார்த்தால் 36 ஜிபி. அளந்து டேட்டா வாங்குகிற வீட்டுக்கு இது சின்ன விசயம் இல்லை.

2025 ஜனவரி 12, கொஞ்சம் பிந்தி

அக்கரைப்பற்றில் இருந்து திருத்தம் வந்திருக்கிறது. அவருடைய பாக்கேஜில் கம்பனியின் சொந்தப் பெட்டியில் சானல் பார்த்தால் டேட்டாவில் கழிவதில்லையாம். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தவறவிட்ட நாடகத்தை யூடியூப்பில் பார் என்று நேற்று நான் சொன்னேனே, அது கழியும். என் புத்திமதியே உங்களுக்குச் செலவு வைக்கும் போலிருக்கிறது.

2025 ஜனவரி 14, பொங்கல்

சனிக்கிழமை எழுதியதை இப்போது வாசிக்க வெட்கமாக இருக்கிறது.

காலையில் பொங்கிப் படைத்து முடிந்ததும் அம்மா வந்து இருந்தார். "மகன், அப்பாட அந்தப் புறோகிறாம ஒருக்காப் போடு." அவ்வளவுதான் கேட்டார். ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்பதுதான்.

அப்பா வடமோடிக் கூத்து அண்ணாவியார், கூத்துப் பழக்கும் ஆசான். 2017 தைப்பொங்கலுக்கு ஒரு தமிழ்ச் சானல் எங்கள் ஊருக்கு வந்து அவரை எடுத்தது. மத்தளம் அடித்தார், இரண்டு வரவுப் பாட்டுப் பாடினார், பழைய கொப்பியை விரித்துக் காட்டினார், கரப்புடுப்பு என்ற கூத்து உடுப்பை எப்படிக் கட்டுவது என்று மருமகனை நிறுத்தி வைத்து விளக்கினார். மொத்தம் 27 நிமிடம். ஒளிபரப்பான நேரத்தில் நான் ஒரு கூரையில் நின்றேன். தங்கச்சிதான் சிவப்பு வட்டத்தை அமத்தினாள். அப்பா 2021 இல் போய்விட்டார்.

முதலில் யூடியூப்பில்தான் தேடினேன், எல்லாம் அங்கே இருக்கிறது என்று பெரிய வாய் பேசியவன் ஆயிற்றே. அந்தச் சானலின் பக்கத்தில் அந்த வருடத்துப் பொங்கல் நிகழ்ச்சிகளில் ஒன்றிரண்டுதான் கிடக்கின்றன. அப்பா இல்லை.

ஆகவே உலகத்தில் எனக்குத் தெரிந்து அது இருக்கிற ஒரே இடம் 16 ஜிபி பென் ஒன்று. அது பேசுவது பழைய பெட்டியோடு மட்டும். பழைய பெட்டியைத் திருப்பித் தரச் சொல்லிப் போன கிழமை செய்தி வந்தது.

2025 ஜனவரி 14, இரவு

இதை முதலில் வாசியுங்கள், மற்றதெல்லாம் பிறகு: ரெக்கோட் பண்ணிய பென்னை லப்டொப்பில் செருகினால் "இதை ஃபோர்மட் பண்ணவா?" என்று கேட்கும். ஆம் என்று அமத்தாதீர்கள். பென் பழுதாகியிருக்காது. பெட்டி தன்னுடைய முறையில் ஃபோர்மட் பண்ணி வைத்திருப்பதால் விண்டோஸுக்கு அதை வாசிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஏறாவூரில் இருந்து ஒருவர் மகளுடைய பாடசாலை விவாதப் போட்டியை அப்படித்தான் இழந்தேன் என்று எழுதியிருக்கிறார். ஒரு அமத்தல்.

இன்னொருவர், விஎல்சி என்ற செயலியில் போட்டால் ஓடும், ஃபைலின் பின்பெயரை மாற்றினால் போதும் என்கிறார். ஒரு காலத்தில் நானும் வாடிக்கையாளர்களுக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். அது காசு கட்டாத இலவசச் சானல் ரிசீவர்களுக்குச் சரி. அவை பூட்டுப் போடாமல் எழுதும். மாதக் காசு கட்டும் பெட்டி பூட்டிப் போட்டுத்தான் எழுதும், சாவி பெட்டிக்குள் இருக்கும். வேறு பெட்டி, அதே கம்பனியின் அதே மாடல் என்றாலும் திறக்காது. பெட்டியை மாற்றிக் கொடுக்கும்போது இதை எத்தனை பேருக்குச் சொல்லாமல் விட்டேன் என்று இன்றைக்குத்தான் யோசிக்கிறேன்.

2025 ஜனவரி 17

வாடிக்கையாளர் சேவைக்குக் கோல் எடுத்தேன். இருபது நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பிள்ளை வந்தது. மரியாதையாகத்தான் பேசியது.

"சேர், புதுப் பெட்டியில ஏழு நாள் பின்னுக்குப் போகலாம் சேர்."

"எனக்கு எட்டு வருசம் பின்னுக்குப் போகணும் தங்கச்சி."

சிரித்துவிட்டது. பிறகு யாரிடமோ கேட்டுவிட்டு வந்து சொன்னது: பழைய இணைப்பை நிறுத்தினால் ரெக்கோட் பண்ணியவையும் ஓடாது. பெப்ரவரி முடியும் வரை வைத்திருக்கலாம், அந்த மாதக் காசையும் கட்ட வேண்டும். கட்டினேன். என் வீட்டில், என் பென்னில், என் அப்பா. பார்ப்பதற்கு மாத வாடகை.

2025 ஜனவரி 19

வாடகை என்றதும் வீடியோ டெக் காலம் நினைவுக்கு வந்துவிட்டது. கொஞ்சம் வழி மாறுகிறேன், அவசரக்காரர்கள் அடுத்த குறிப்புக்குத் தாவலாம்.

சிவராத்திரிக்கு டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூன்று படம் போடுவோம். கரண்ட் இல்லாத காலத்தில் ஜெனரேட்டரும் சேர்த்து எடுப்போம். வளவு நிறையச் சனம். டெக்கோடு கூடவே ஒரு பொடியன் வருவான், கசெட்டை வாசிக்கும் ஹெட் ஊத்தையானால் தாளில் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பதற்கு. அந்தப் பொடியன் ஒரு காலத்தில் நான்தான்.

1996 உலகக் கிண்ண இறுதியாட்டத்தை வெள்ளவத்தையில் இருந்த மாமா மூன்று கசெட்டில் பதிந்து அனுப்பினார். ஈ-180 கசெட் மூன்று மணி நேரம், ஒரு நாள் ஆட்டத்துக்கு மூன்று வேண்டும். கசெட்டின் முதுகில் ஒரு பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை முறித்துவிட்டால் மேலே வேறெதுவும் பதிய முடியாது. மாமா முறித்துத்தான் அனுப்பினார். ஆனால் அந்த ஓட்டையில் ஒரு துண்டு டேப்பை ஒட்டினால் பழையபடி பதியலாம் என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். சித்தப்பாவின் கலியாணத்துக்குக் கசெட் தட்டுப்பாடு. அரவிந்த டி சில்வாவின் 107 ஓட்டங்களுக்கு மேல் தாலி கட்டினார்கள். ஒஸ்ரேலியா ஆடிய கசெட் மட்டும் தப்பியதால் அரவிந்த எடுத்த மூன்று விக்கெட்டும் எங்களிடம் பத்திரமாக இருந்தன. ஆட்டத்தில் யார் வென்றது என்று அந்தக் கசெட்டை மட்டும் பார்ப்பவனுக்குத் தெரியாது.

பிறகு 2004 டிசம்பர் 26. கலியாணமும் போனது, விக்கெட்டும் போனது, அலுமாரியும் போனது. கடலோரத்தில் யார் வீட்டிலும் கசெட் மிஞ்சவில்லை, அதைப் பற்றிக் கவலைப்படும் நிலையிலும் யாரும் இருக்கவில்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு தடுமாற்றம். வீட்டில் வைத்தால்தான் நம்முடையது என்று எழுத வந்தேன். வீட்டில் வைத்ததை எல்லாம் ஒரு காலைப்பொழுது கொண்டு போனதையும் பார்த்தவன். கம்பனியின் சேர்வரில் இருந்திருந்தால் அன்றைக்குத் தப்பியிருக்கும்.

2025 ஜனவரி 25

லண்டனில் இருக்கும் அக்கா இந்தக் குறிப்புகளை வாசித்துவிட்டுக் கோல் எடுத்தார். அங்கேயும் இதே கதைதானாம். பழைய பெட்டியில் ஒரு டெராபைட் நிறையப் பிள்ளைகளுக்குப் பதிந்து வைத்திருந்தார், புதுசுக்கு மாறிய அன்று எல்லாம் போய்விட்டது.

அங்கே ஸ்கை கம்பனி 2001 இல் ஸ்கை பிளஸ் என்று ஹாட்டிஸ்க் உள்ள பெட்டியைக் கொண்டுவந்தது. 2016 இல் ஸ்கை கியூ, அதிலும் ஹாட்டிஸ்க் உண்டு. 2021 இல் டிஷ்ஷே வேண்டாத ஸ்கை கிளாஸ் டிவியும் அடுத்த வருடம் ஸ்கை ஸ்ட்ரீம் என்ற சின்னப் பெட்டியும் வந்தன. இரண்டிலும் ரெக்கோட் இல்லை. அதற்குப் பதில் பிளேலிஸ்ட். பிடித்ததில் பிளஸ் அடையாளத்தை அமத்தினால் ஒரு பட்டியலில் சேரும். பட்டியலில் இருப்பது வெறும் பெயர்தான். நிகழ்ச்சி சேர்வரில் இருக்கும் வரைக்கும் பார்க்கலாம். விளம்பரத்தை ஓட்டிவிட வேண்டும் என்றால் அதற்கு மாதம் தனிக் காசு.

எனக்கு இப்போதுதான் முழுதாக விளங்குகிறது. பதிந்து பார்ப்பவன் விளம்பரம் வந்ததும் ஃபோர்வேர்ட் பட்டனை அமத்துவான். நான் பார்த்த ஒவ்வொரு வீட்டிலும் அப்படித்தான், சின்னப் பிள்ளைக்கும் அந்தப் பட்டன் தெரியும். ஹாட்டிஸ்க் விலை, பழுது என்று 12ஆம் தேதி நான் அடுக்கியதெல்லாம் உண்மைதான், ஆனால் பாதி உண்மை. அமெரிக்காவில் ரீப்ளே டிவி என்று ஒரு பெட்டி விளம்பரத்தைத் தானாகவே தாண்டியது. டிவிக் கம்பனிகள் 2001 இல் வழக்குப் போட்டன. அதை விற்ற கம்பனி 2003 இல் வங்குரோத்து.

2025 ஜனவரி 26

காரைதீவில் இருந்து சட்டம் படித்த ஒரு ஐயா எழுதியிருக்கிறார். அவர் சொன்னதை என் வாயால் சுருக்குகிறேன்.

வீட்டில் டிவியைப் பதிந்து பிறகு பார்ப்பது களவா என்று அமெரிக்காவில் சினிமாக் கம்பனிகள் சோனியின் பீட்டாமக்ஸ் டெக்குக்கு எதிராக வழக்குப் போட்டு, 1984 இல் உச்ச நீதிமன்றம் களவு இல்லை என்றது. ஒன்பது நீதியரசர்களில் ஐந்து பேர் ஒரு பக்கம், நான்கு பேர் மறுபக்கம். ஒருவர் மனம் மாறியிருந்தால் ரெக்கோட் பட்டனின் கதையே வேறு. சோனி வழக்கில் வென்றது, சந்தையில் விஎச்எஸ் என்ற போட்டிக் கசெட் முறையிடம் தோற்றது.

2008 இல் இன்னொரு தீர்ப்பு. கேபிள்விஷன் என்ற கம்பனி, பதிவதை வீட்டுப் பெட்டியில் வைக்காமல் தன் இடத்தில் வைத்துத் தர முடியுமா என்பதுதான் கேள்வி. முடியும் என்றது நியூயோர்க் மேன்முறையீட்டு நீதிமன்றம். காரணங்களில் ஒன்று, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அவருடைய தனிப் பிரதி. ஆயிரம் பேர் ஒரே நாடகத்துக்கு ரெக்கோட் அமத்தினால் ஆயிரம் பிரதி எழுத வேண்டும். ஒன்று வைத்து ஆயிரம் பேருக்குக் காட்டினால் அது வேறு வியாபாரம், வேறு உரிமைக் காசு.

இதை வாசித்ததும் எங்கள் கோயில் அன்னதானம்தான் ஞாபகம் வந்தது. ஒரே கிடாரத்துச் சோறுதான், ஆனால் ஆளுக்கு ஒரு இலை.

2025 பெப்ரவரி 2, ஞாயிறு

வேலை தொடங்கியாயிற்று. முதல் முயற்சி தோல்வி, தோல்விக்குக் காரணம் நான்.

பூட்டை உடைக்கும் எண்ணம் இல்லை, எனக்கு அது தெரியவும் தெரியாது. பழைய பெட்டியில் ஓட விட்டு, டிவிக்குப் போகும் படத்தை நடுவில் பிடிக்கலாம் என்பதுதான் திட்டம். எச்டிஎம்ஐ வயரில் இருந்து பிடிக்கும் கப்சர் துண்டு ஒன்றைத் தெரிந்த தம்பியிடம் இரவல் வாங்கி வந்தேன். செருகினால் லப்டொப்பில் கறுப்புத் திரை. வயரை மாற்றினேன், கறுப்பு. லப்டொப்பை மாற்றினேன், கறுப்பு. இரண்டு மணி நேரத்துக்குப் பிறகுதான் உறைத்தது. எச்டிஎம்ஐயில் எச்டிசிபி என்ற பூட்டு இருக்கிறது. மறுமுனையில் இருப்பது டிவிதானா என்று பெட்டி விசாரிக்கும், சரியான பதில் வராவிட்டால் படம் தராது. பதினாறு வருடம் இதே தொழில் பார்த்தவனுக்கு இது முதலில் தோன்றியிருக்க வேண்டும்.

பெட்டியின் பின்னால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை மூன்று ஓட்டை இருக்கிறதே, அந்தப் பழைய ஏவி வயர். அதற்கு விசாரணை தெரியாது. கல்முனைக்குச் சொல்லி ஏவி கப்சர் துண்டு எடுப்பித்திருக்கிறேன்.

2025 பெப்ரவரி 9, ஞாயிறு

படம் வந்தது! அப்பா வந்தார்! மத்தளத்தை மடியில் வைத்து வாரை இழுக்கிறார். லப்டொப்பில் சிவப்புப் புள்ளி ஓடுகிறது. அம்மா பக்கத்தில் கதிரை போட்டு இருக்கிறார். ஒன்பதாவது நிமிடம்.

கரண்ட் போய்விட்டது.

முதலில் எங்கள் ஒழுங்கை மட்டும் என்று நினைத்தேன். பிறகு மட்டக்களப்பு முழுக்க என்றார்கள். பிறகு பார்த்தால் இலங்கை முழுக்க.

2025 பெப்ரவரி 9, இரவு

கரண்ட் வந்துவிட்டது. கொழும்புக்குத் தெற்கே ஒரு துணை மின்நிலையத்துக்குள் குரங்கு பாய்ந்ததுதான் காரணம் என்று அமைச்சர் சொல்லியிருக்கிறார். நான் வரிசையாக எழுதி வைக்கிறேன்: ஹாட்டிஸ்க் விலை, விளம்பரக் காசு, எச்டிசிபி, குரங்கு.

பயம் வேறு. ஓடிக்கொண்டிருந்தபோது பெட்டி செத்ததால் பென்னுக்கு ஏதும் ஆகியிருக்குமோ என்று. திரும்பப் போட்டபோது ரெக்கோட் பட்டியல் வெறுமையாக வந்தது. அம்மாவிடம் சொல்லவில்லை. இரண்டு நிமிடம் கழித்துத் தானாகவே நிரம்பியது. அந்த இரண்டு நிமிடத்தில் எனக்கு வேர்த்த வேர்வைக்கு ஒரு மாதக் கட்டணம் காணாது.

2025 பெப்ரவரி 11

இன்றைக்கும் ஒன்றரை மணி நேரக் கரண்ட் வெட்டு. தொடவில்லை.

2025 பெப்ரவரி 16, ஞாயிறு

முடிந்தது. 27 நிமிடமும் லப்டொப்பில், அங்கிருந்து இரண்டு பென்னில், ஒரு பிரதி அக்காவுக்கு லண்டனுக்கு, ஒன்று சுவிஸில் இருக்கும் சித்தப்பா மகனுக்கு. இனி சுனாமி வந்தாலும் குரங்கு வந்தாலும் ஏதாவது ஒரு மூலையில் இருக்கும்.

படம் கொஞ்சம் மங்கல்தான். ஏவி வயரில் அவ்வளவுதான் வரும், 576 வரி. அப்பாவின் சால்வைக் கரை சிவப்பா மண்ணிறமா என்று இப்போது சொல்ல முடியாது. அம்மாவுக்குத் தெரியும்.

ஆனால் இதைச் சொல்ல வேண்டும். இரண்டாவது பாட்டின் நடுவில் படம் சதுரம் சதுரமாக உடைந்து உறைந்து நிற்கிறது, நாற்பது விநாடி. முதலில் கப்சர் துண்டைத் திட்டினேன். திரும்ப ஓட்டினேன், அதே இடம். நேராக டிவியில் போட்டேன், அதே இடம். அது 2017 இலேயே உடைந்தது. அன்றைக்கு மழை. டிஷ்ஷுக்கு வரும் அலை மழைக்குத் தாங்காது, எல்லாருக்கும் தெரிந்ததுதான். அந்த மழையைத்தான் பெட்டி அப்படியே எழுதி வைத்திருக்கிறது. முந்திய பொங்கல்களில் பார்த்தபோதும் இது இருந்திருக்கும், நான் கவனித்ததில்லை. ஏன் கவனிக்கவில்லை என்று இன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன். அந்த இடம் வரும்போதெல்லாம் அம்மா பாடிவிடுகிறார். வாய்க்குள்தான், பெரிதாக இல்லை. அப்பா மறுபடி வரும்போது இருவரும் ஒரே அடியில் வந்து சேர்கிறார்கள். நாற்பது வருடம் ஒத்திகை கேட்ட மனிசி.

அதனால் இரண்டாவது முறை பதிந்தபோது லப்டொப்பின் மைக்கையும் போட்டுவிட்டேன். ஃபைபரில் வந்திருந்தால் அந்த நாற்பது விநாடியும் உடைந்திருக்காது, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

2025 பெப்ரவரி 27

நேற்றுச் சிவராத்திரி, நித்திரை இல்லை, சுருக்கமாக எழுதுகிறேன். பலர் முறை கேட்டிருந்தார்கள். பழைய பெட்டி, இணைப்பு உயிரோடு இருக்கும்போதே. பின்னால் மூன்று நிற ஏவி வயர். ஏவி கப்சர் துண்டு. லப்டொப்பில் ஓபிஎஸ் என்ற இலவசச் செயலி. எவ்வளவு நேர நிகழ்ச்சியோ அவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும், குறுக்குவழி இல்லை. யூபிஎஸ் இருந்தால் பெட்டிக்குப் போடுங்கள், லப்டொப்புக்கு அதன் பற்றரி போதும்.

சில பெட்டிகளில் ஏவி வயரிலும் ஒரு பழைய பூட்டு இருக்கும், படம் வெளிச்சம் கூடிக் குறைந்து துடிக்கும். எங்கள் பெட்டியில் இருக்கவில்லை. ஆகவே எல்லாருக்கும் வரும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். ஒன்றும் சரிவராவிட்டால் டிவிக்கு முன்னால் போனை நிறுத்திப் பிடியுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

நேற்று இரவு ஊரில் டெக்கும் இல்லை, படமும் இல்லை. கோயில் வளவில் பிள்ளைகள் ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டு முழித்திருந்தார்கள்.

2025 மார்ச் 8

பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். வந்த பொடியன் பெட்டியையும் ரிமோட்டையும் வயரையும் எண்ணி எடுத்தான். டிஷ் வேண்டாம் என்றான். அது கோழிக் கூட்டுக்கு மேல் கூரையாகிவிட்டது, மழைக்கு நல்லது.

செங்கலடித் தம்பி, உங்கள் கேள்வியை மறந்தே போனேன். என்ன செய்கிறீர்கள் இப்போது?

2025 மார்ச் 9

அவருடைய பதிலை அப்படியே சொல்கிறேன், எனக்குப் பிடித்துவிட்டது. ஏழு நாள் வசதியில் அவருடைய நாடகம் வருவதில்லையாம், அந்தச் சானல் அதற்கு உரிமை கொடுக்கவில்லை. யூடியூப்பில் பார்த்தால் டேட்டா. அதனால் காலையில் சாப்பிடும்போது மனைவியே கதையைச் சொல்லிவிடுகிறார். "மாமியார் அழுத அழுகையையும் அழுது காட்டுவா அண்ணன். விளம்பரமும் இல்ல. ஆனா அவவுக்குப் பிடிக்காத ஆக்களின்ர பக்கத்தக் கதையில விட்டிடுறா."

எடிட் பண்ணின பதிவு என்று நினைத்துக்கொள்ளுங்கள் தம்பி.

2025 அக்டோபர் 12

பழைய உரையாடல்தான், ஆனாலும் ஒரு செய்தி. டிவோ கம்பனி இந்த மாதத் தொடக்கத்தோடு ரெக்கோட் பெட்டி விற்பதை நிறுத்திவிட்டது. ஹாட்டிஸ்க்கில் டிவி பதிவதை 1999 இல் வீட்டுக்குள் கொண்டுவந்தவர்களில் அவர்களும் ஒருவர். அமெரிக்காவில் இப்போது யூடியூப் டிவி போன்றவற்றில் எவ்வளவு வேண்டுமானாலும் பதியலாமாம், ஒன்பது மாதம் வைத்திருப்பார்கள், பிறகு அழித்துவிடுவார்கள். பொங்கலில் பதிந்தால் அடுத்த பொங்கலுக்கு இராது.

எங்கள் வீட்டுப் பழைய பென் அலுமாரியில் அப்பாவின் சதங்கைப் பெட்டிக்குள் கிடக்கிறது. பெட்டி போன பிறகு அதை இனி எதுவும் திறக்காது. மருமகன் நேற்றுக் கண்டுவிட்டான். "மாமா, 16 ஜிபி சும்மாதானே கிடக்கு, ஃபோர்மட் பண்ணிப் பாட்டுப் போடவா?"

அம்மாவிடம் கேள் என்று சொல்லியிருக்கிறேன்.